கல்லடி வளவில் கிவிக் கொடி காய்க்குமா?

வீட்டுத்தோட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பந்தல் கொடிகளைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழிலே கேட்டிருந்தேன். பாகலும் பீர்க்கும் புடோலும் பற்றிய கடிதங்களே வரும் என்று எண்ணியிருக்க, வந்தவற்றிற் பாதிக்கு மேல் கிவியைப் பற்றியவையாக இருந்தன. காரணம் விளங்காததல்ல. இன்று நமது பகுதியிலே வீட்டுக்கொரு பிள்ளையாவது கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இலண்டனிலோ இருக்கிறது. அங்கே கொடியிற் குலைகுலையாகத் தொங்கும் பழத்தின் படம், பறித்த மறுகணமே இங்கே கைத்தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. ஆதலால் இம்முறை கிவிக்கே முதலிடம்.

கேள்வி: ரொறன்ரோவில் வசிக்கும் என் மகள், தன் வீட்டு வேலியிலே படர்ந்திருக்கும் சிறிய கிவிக் கொடியின் விதைகளை ஒருவர் மூலம் எனக்கு அனுப்பியிருக்கிறாள். பழம் முந்திரிகை அளவுதான், தோல் உரிக்காமலே உண்ணலாம், பனியிலே உறைந்தாலும் அந்தக் கொடி சாகாது என்கிறாள். அவ்வளவு குளிரைத் தாங்கும் கொடி நமது வெயிலைத் தாங்காதா? எங்கே, எப்படி நடுவது?
கல்லடி வாசகி

பதில்: அம்மா, மகள் சொன்னது முழுவதும் உண்மை. அந்தக் கொடியின் தாவரவியற் பெயர் அக்டினிடியா அர்குட்டா. யப்பான், கொரியா, வட சீனா, உருசியாவின் தூரகிழக்குப் பகுதி ஆகியவற்றின் மலைக்காடுகளே அதன் பிறந்தகம். இலையுதிர்த்து உறங்கும் காலத்திலே பூச்சியத்துக்குக் கீழ் 25 பாகை செல்சியசுக்கும் அப்பாற்பட்ட குளிரை அது தாங்கிக்கொள்ளும். கடையிலே நாம் வாங்கும் மயிரடர்ந்த பெரிய கிவியால் அந்தக் குளிரைத் தாங்க இயலாது. அதனாற்றான் கனடாவின் வீட்டுத்தோட்டங்களிலே இந்தச் சிறிய இனம் இடம்பிடித்தது.

தாங்கும் என்ற சொல்லிலேதான் நமது மயக்கம் தொடங்குகிறது. அந்தக் கொடிக்குக் குளிர் ஒரு தொல்லை என்றும், தொல்லை இல்லாத இடத்தில் இன்னும் செழிக்கும் என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையிலே அதற்குக் குளிர் உணவைப் போன்று வேண்டியது. இலையுதிர்ந்த பின்னர் அதன் மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகின்றன. 7 பாகையை அண்டிய குளிரிலே பல நூறு மணித்தியாலங்கள் கழிந்தால் மட்டுமே அந்த உறக்கம் கலையும். படுவான்கரையிலே வயல் செய்பவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது எளிது. சில நெல்லினங்களை வெட்டிய கையோடு விதைத்தால் அவை முளைக்க மறுக்கும். சில கிழமை சாக்கிலே கிடந்து உறங்கி எழுந்த பின்னரே முளைக்கும். கிவியின் மொட்டும் அப்படித்தான், ஆனால் அதை எழுப்புவது நாட்களின் எண்ணிக்கையன்று, குளிரின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை நிறைந்து மொட்டு விரியும் வேளையிலேதான் அதனுள்ளே பூவின் உறுப்புகளும் முழு உருவம் பெறுகின்றன.

மட்டக்களப்பிலே வாடைக்காற்று வீசும் தை மாதத்து விடியற்காலையிற்கூட வெப்பமானி 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அவ்வாறிருக்க 7 பாகைக்கு எங்கே போவது? இங்கே நட்டால் செடி உடனே சாகாது. அதுதான் ஏமாற்றத்தை நீட்டிக்கிறது. இரண்டொரு கொடி வீசும், இலை விடும், பிறகு உறங்கவும் தெரியாமல் விழிக்கவும் தெரியாமல் நிற்கும். நுனி மொட்டுகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக விரியும், பூ வராது. கச்சான் காற்றுத் தொடங்கி மணல் கொதிக்கும் ஆனி, ஆடி மாதங்களிலே இலையோரம் கருகத் தொடங்கும். போதாததற்குக் கிவி வேர் உப்பைச் சகிக்காதது. வாவிக்கரைக் கிணறுகளிலே கோடையில் ஏறும் உவர் அதற்கு நஞ்சு.

நுவரெலியாவில் நடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 1,868 மீற்றர் உயரத்திலே சில வேளை உறைபனியும் விழும் ஊர் அது என்பது சரி. ஆயினும் அங்கே குளிர் இரவிலே வந்து பகலிலே விலகுகிறது, மாதக்கணக்காகத் தங்கியிருப்பதில்லை. விளையாட்டாக ஒரு செடி வைத்துப் பார்க்கலாம், காசு போட்டு நட வேண்டாம் என்பதே என் கருத்து.

விதைகளை வீணாக்க மனம் வராவிட்டால் ஈரமான தாளிலே சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டிலே இரண்டு மூன்று மாதம் வைத்து, பின்னர் சட்டியிலே தூவுங்கள். முளைக்கும். பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவும் இருக்கும். பழத்துக்கு மட்டும் மகளிடம் போய்த்தான் ஆக வேண்டும்.

கேள்வி: எனது நானா சுவிற்சர்லாந்திலே இருக்கிறார். அவருடைய வீட்டிலும் இதே சிறிய கிவிதான். நட்டு ஆறு வருடமாகிறது. மூன்று வருடமாகப் பூக்கிறது. ஒரு பழமும் இல்லை. அங்குள்ள கடையிலே கேட்க மொழி தடையாக இருக்கிறதாம். உங்களிடம் கேட்டெழுதச் சொன்னார்.
சம்மாந்துறை வாசகர்

பதில்: நானாவிடம் கொடி எத்தனை நிற்கிறது என்று முதலிலே கேளுங்கள். ஒன்றுதான் என்றால் பதிலும் அதிலேயே இருக்கிறது.

பனையிலே ஆண்பனை, பெண்பனை என்று இருப்பதை நாம் அறிவோம். பப்பாசியிலும் ஆண்மரம் பூத்துப் பூத்துக் கொட்டுமே தவிரக் காய்க்காது. கிவியும் அதே சாதி. ஆண்பூ ஒரு கொடியிலும் பெண்பூ இன்னொரு கொடியிலும் வரும். தனியே நிற்பது ஆணாயினும் பெண்ணாயினும் பழம் கிடையாது. ஓர் ஆண்கொடி ஆறு முதல் எட்டுப் பெண்கொடிகளுக்குப் போதும். வீட்டுத்தோட்டத்துக்கு ஆணொன்றும் பெண்ணொன்றும் போதும்.

எது என்று அறியப் பூவைக் கையிலே எடுத்துப் பார்க்க வேண்டும். வெண்ணிறமான, நெல்லிக்காயளவான பூ அது. பெண்பூவின் நடுவிலே ஒரு சிறு வெண்பச்சைக் குமிழ் இருக்கும். அதன் உச்சியிலே வெள்ளைத் தும்புகள் சக்கரத்தின் ஆரைகளைப் போன்று நாற்புறமும் விரிந்திருக்கும். குமிழ்தான் பிற்காலத்துப் பழம். ஆண்பூவிலே அந்தக் குமிழும் ஆரைகளும் இரா. கருமை படர்ந்த மகரந்தப் பைகள் மட்டும் அடர்ந்து நிற்கும். பெண்பூவிலும் மகரந்தப் பைகள் இருப்பதைக் கண்டு ஈரினமும் ஒரே பூவில் உள்ளன என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அவை வெறும் பைகள். உள்ளேயிருக்கும் தூளுக்குக் கருவுண்டாக்கும் ஆற்றல் இல்லை.

நானாவின் பூவிலே குமிழ் இருந்தால் ஓர் ஆண்கொடியை வாங்கிப் பத்து மீற்றருக்குள்ளே நடச் சொல்லுங்கள். செர்மன் மொழி வழங்கும் நாடுகளிலே வைக்கி என்ற இனம் பரவலாகக் கிடைக்கிறது. பவேரியாவின் வைன்ஸ்தெபான் என்ற இடத்தின் பெயரிலிருந்து வந்த பெயர் அது. அதில் ஆணும் பெண்ணும் தனித்தனியே விற்கப்படும். அட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். இடம் இல்லாதவர்களுக்கு இசாய் என்ற யப்பானிய இனம் உண்டு. அது துணையின்றியே காய்க்கும். ஆனால் மற்றவற்றைவிட வலுக்குறைந்த கொடி, குளிரையும் அவற்றின் அளவுக்குத் தாங்காது. அருகிலே ஓர் ஆண் இருந்தால் அதன் பழமும் பருக்கும்.

ஆண் வைத்தும் காய்க்கவில்லை என்று பின்னர் எழுதுபவர்களும் உண்டு என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். கிவிப் பூவிலே தேன் இல்லை. தேனீ மகரந்தத்துக்காக மட்டுமே வருகிறது. பக்கத்து வளவிலே தேனுள்ள பூவிருந்தால் அங்கே போய்விடுகிறது. மழையும் குளிருமாக இருக்கும் நாட்களிலே தேனீ வெளியே வருவதுமில்லை. அப்போது ஆண்பூவொன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண்பூவின் ஆரைகளிலே மெல்லத் தேய்த்துவிட வேண்டும். ஓர் ஆண்பூவைக் கொண்டு நாலைந்து பெண்பூக்களைத் தொடலாம்.

கத்தரிப்பதிலும் கவனம் வேண்டும். சென்ற ஆண்டு வளர்ந்த கொடியிலிருந்து இந்த ஆண்டு வெடிக்கும் தளிரிலேதான் பூ வரும். குளிர்காலத்திலே அழகு பார்த்து எல்லாவற்றையும் அடிமரம் வரை வெட்டினால் அந்த ஆண்டு இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெட்டாமலே விட்டாலோ ஒரே கோடையில் பல மீற்றர் ஓடி, தன்னைத்தானே முறுக்கி, வேலியையும் சரித்துவிடும். காய்த்த பழைய கொடிகளைக் குளிர்காலத்திலே நீக்கி, புதியவற்றை இடம்விட்டுக் கட்டி, கோடையிலும் இரண்டு மூன்று முறை நீண்ட நுனிகளை ஒடிக்க வேண்டும். சீமெந்துத் தூணின் தலையிலே குறுக்குச் சட்டம் வைத்து, இரண்டு மீற்றர் உயரத்திலே கம்பி இழுத்து, அடிக்கொடியை நேராக ஏற்றுவதே நல்ல முறை. தூணைச் சுற்றிப் பின்ன விட்டால் அது பருக்கும்போது தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும்.

இன்னொன்று: வசந்தத்திலே தளிர் விட்ட பின் ஓர் இரவு உறைபனி விழுந்தால் அத்தனை தளிரும் கருகிவிடும். 25 பாகை உறைகுளிரைத் தாங்கிய கொடிதான் அது. உறக்கத்திலே இருந்த வலிமை விழித்த பின் அதற்கு இல்லை. அத்தகைய இரவுகளிலே பழைய படுக்கை விரிப்பையாவது எடுத்து மூடச் சொல்லுங்கள்.

கேள்வி: கடையிலே வாங்கிய கிவிப் பழத்தின் விதையைச் சட்டியிலே போட்டேன். முளைத்து இப்பொழுது ஓரடி உயரம் வந்துவிட்டது. பந்தல் எப்போது போட வேண்டும்?
காரைதீவு, உயர்தர மாணவி

பதில்: மகளே, உன் கைராசிக்கு என் பாராட்டு. பந்தலுக்குக் காசு செலவழிக்காதே.

நானும் இதைச் செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன்னர், விதையைப் பழச்சதையிலிருந்து தேயிலை வடியாலே கழுவி எடுத்து, உக்கிய மாட்டெருவும் ஆற்றுமணலும் கலந்த தகரப் பேணியிலே தூவினேன். இருபது நாள் வரையில் எள்ளிலும் சிறிய இரட்டை இலைகள் வந்தன. ஆறு மாதத்திலே தண்டு முழுவதும் செம்மயிர் படர்ந்து, இலை பூவரசிலையைப் போன்று இதயவடிவாக விரிந்து, தடவினால் வெல்வெற்றுத் துணியைத் தொட்டாற்போல் இருந்தது. ஊரிலே பாதிப்பேரைக் கூட்டி வந்து காட்டினேன். வைகாசி கடந்து கச்சான் வீசத் தொடங்கியதும் இலைகள் ஓரத்திலிருந்து கபிலநிறமாகிச் சுருண்டன. காலை மாலை நீரூற்றி, கிடுகினால் மறைப்புக் கட்டி, ஆவணி வரையிலே காப்பாற்றினேன். அடுத்த ஆண்டு அதே காற்றிலே அது போய்விட்டது. அந்தச் செடியிலே பூவொன்றைக் கண்டதில்லை.

அதற்குப் பிறகு, வீதியோரத்திலே செடி விற்ற ஒருவரிடம் காய்க்கும் கிவி என்று சொல்லப்பட்ட கன்றொன்றையும் வாங்கி ஏமாந்தேன். வளர்ந்த பின் பார்த்தால் அது ஏதோ காட்டுக்கொடி. இன்றைக்கும் பட்டினத்திலே அட்டையிலே கிவிப் படம் ஒட்டிய கன்றுகள் விற்கப்படுகின்றன. படத்தை நம்பி வாங்காதே.

நீ வளர்ப்பது அக்டினிடியா டெலிசியோசா, பெரும்பாலும் ஹேவார்ட் என்ற இனத்தின் விதைச்செடி. விதையிலிருந்து வருவதால் தாய்ப்பழத்தின் குணம் அப்படியே வராது. ஏறத்தாழப் பாதி ஆணாகவே இருக்கும். குளிர்நாட்டிலேகூட பூத்துத் தன் இனத்தைக் காட்டப் பல ஆண்டுகளாகும். சட்டியிலேயே காலை வெயில் மட்டும் படும் இடத்திலே வைத்து, அழகுச் செடியாக வளர்த்துக்கொள். உயிரியல் செயல்முறைக் குறிப்பேட்டுக்கு இலையின் படம் ஒன்று வரைந்து வைத்தாலும் பயன்தான்.

கேள்வி: முற்றத்திலே பன்னிரண்டடிக்குப் பத்தடியிலே பந்தல் இருக்கிறது. கிவி சரிவராது என்றால் வேறென்ன பழக்கொடி விடலாம்? யாழ்ப்பாணத்திலே முந்திரிகை காய்க்கிறதே, அது இங்கே வராதா? முன்பொருமுறை கொடித்தோடை விட்டேன்; பூத்தது, காய்க்கவில்லை.
களுவாஞ்சிகுடி வாசகர்

பதில்: முந்திரிகையும் குளிர்நாட்டிலே இலையுதிர்த்து உறங்கும் கொடிதான். ஆனால் அதன் உறக்கம் இலேசானது. இலைகளைக் களைந்து, கொடியைக் குறுகக் கத்தரித்து, நீரை நிறுத்திப் பின் ஊற்றினால் குளிரில்லாமலே மொட்டு வெடித்துப் பூங்குலை விடும். யாழ்ப்பாணத்தார் செய்வது இதைத்தான். கிவியிலே இந்த வித்தை பலிக்காது. இங்கே முந்திரிகைக்கு இடையூறு நமது மாரி. ஐப்பசி முதல் தை வரை விடாது பெய்யும் மழையிலே இலையிலும் குலையிலும் பூஞ்சணம் ஏறிவிடுகிறது. மாசியிலே கத்தரித்து, ஆனி வாக்கிலே பழம் எடுக்கும்படி அமைத்தால் வரும். மருந்தடிக்கும் வேலை ஓயாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை.

உங்களுடைய பந்தலுக்கு ஏற்றது கொடித்தோடையே. ஊதாநிறப் பழமினம் மலைநாட்டுக்கு உரியது. மஞ்சட்பழமினமே நமது தாழ்நிலத்து வெப்பத்துக்கு உரியது. வேரழுகலையும் அது கூடுதலாகத் தாங்கும். ஹொறணையிலுள்ள பழப்பயிர் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம் வெளியிட்ட ஹொறண கோல்ட் இனத்தைப் பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

பூத்தும் காய்க்காததற்கு உங்கள் கொடி தனியே நின்றதே காரணமாயிருக்க வேண்டும். கிவியைப் போலன்றி, கொடித்தோடையின் ஒவ்வொரு பூவிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தேயிருக்கும். அப்படியிருந்தும் மஞ்சளினம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. வேறொரு கொடியின் மகரந்தம் வேண்டும். இதிலே பலர் வழுக்கும் இடம் ஒன்றுண்டு: அயல்வீட்டுக் கொடியிலே தண்டு வெட்டி இரண்டு கன்று வைத்தால், பார்வைக்கு இரண்டானாலும் அவை ஒரே கொடிதான், ஒன்றின் மகரந்தத்தை மற்றது ஏற்காது. ஆகையால் விதைக்கன்றாக வாங்குங்கள், அல்லது வெவ்வேறு ஊரிலிருந்து இரண்டு கன்று வாங்குங்கள்.

இந்தப் பூ நண்பகலுக்குப் பிறகே விரியும். பகற்சோறு உண்ட கையோடு பந்தலுக்குக் கீழே ஒரு நாற்காலி போட்டு அமர்ந்து பாருங்கள். வெளியே வெள்ளை இதழ்கள். அதற்குள்ளே அடியில் ஊதாவும் நுனியில் வெள்ளையுமாக நூல்கள் சுருண்டு நிற்கும் வட்டம். நடுவிலே ஒரு சிறு தண்டு. அந்தத் தண்டிலே முதலில் ஐந்து மகரந்தப் பைகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்திருக்கும். அதற்கு மேலே ஆணித் தலை போன்ற மூன்று சூல்முடிகள் நிமிர்ந்திருக்கும். இயேசுநாதரைச் சிலுவையில் அறைந்த மூன்று ஆணிகளாக அவற்றைக் கண்டே தென்னமெரிக்காவுக்குப் போன பாதிரிமார் இதற்குப் பாடுகளின் பூ என்று பெயரிட்டனர். பூ விரிந்து ஒரு மணித்தியாலம் வரையிலே அந்த மூன்று ஆணிகளும் மெல்ல வளைந்து மகரந்தப் பைகளின் மட்டத்துக்கு இறங்கி வரும். சேர்க்கைக்கு ஏற்ற நேரம் அதுவே.

இயற்கையிலே இந்த வேலையைச் செய்வது மரத்தைத் துளைத்துக் கூடுகட்டும் கருவண்டு. அது தேனுக்காக வட்டத்துள்ளே தலையை நுழைக்கும்போது அதன் முதுகு பைகளிலும் ஆணிகளிலும் உரசும். தேனீயோ உடல் சிறுத்தது. மகரந்தத்தை மட்டும் அள்ளிக்கொண்டு ஆணிகளைத் தொடாமலே போய்விடும். எனவே காய்ந்த முருங்கைக் கட்டையோ பழைய தென்னங்குற்றியோ வளவின் மூலையிலே கிடந்தால் அப்புறப்படுத்த வேண்டாம். வண்டுக்கு அது வீடு. வண்டு வரவில்லையென்றால், ஒரு கொடியின் பூவிலே விரல் நுனியைத் தடவி, அதில் ஒட்டும் மஞ்சள் மாவை மற்றக் கொடியின் மூன்று ஆணிகளிலும் பூசுங்கள். மாலை இருட்டும் முன் இது முடிய வேண்டும். இரவோடு பூ மூடினால் பிறகு திறக்காது. பலித்திருந்தால் சில நாட்களிலேயே நடுவிலுள்ள பச்சைக் குமிழ் பருக்கத் தொடங்கும். இல்லாவிட்டால் பூ மஞ்சளாகி உதிரும்.

நடுவதற்குக் குழி இரண்டடிக்கு இரண்டடி. நமது மணற்றறையிலே குழியின் அடியிலே பொச்சு பரப்பி, மேலே உக்கிய எருவும் மேல்மண்ணும் நிரப்பினால் ஈரம் நிற்கும். இரண்டு கன்றுகளையும் பந்தலின் எதிரெதிர் மூலைகளிலே வையுங்கள். மாரி வெள்ளம் தேங்கும் வளவாயின் மேடு கட்டி நட வேண்டும். வேர் இரண்டு நாள் நீரில் நின்றாலே கொடி வாடும். பழம் தானே விழும் வரை பறிக்க வேண்டாம். பூத்த இரண்டு, இரண்டரை மாதத்திலே விழத் தொடங்கும், காலையிலே பொறுக்கிக்கொள்ளலாம். இதிலும் புதுத்தளிரிலேதான் பூ வருவதால், ஒரு போகம் முடிந்ததும் தொங்கும் பக்கக் கொடிகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். அதை மாரி தொடங்குமுன் செய்வது நல்லது. 1978 நவம்பரிலே வீசிய சூறாவளியைக் கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இலையடர்ந்த பந்தல் காற்றுக்குப் பாய்மரம் போன்றது. மூன்று நான்கு ஆண்டிலே கொடி களைத்துவிடும். அதற்கு முன்னரே புதுக்கன்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: விடுமுறைக்கு வரும் மருமகன் ஒரு கிவிக் கன்றைப் பயணப்பெட்டியிலே வைத்துக் கொண்டுவரலாமா? சிறியதுதானே.
அக்கரைப்பற்று வாசகர்

பதில்: கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, செடி, தண்டு, விதை எதுவாயினும் முன்கூட்டியே அனுமதி பெற்று, அனுப்பும் நாட்டின் தாவரச் சுகாதாரச் சான்றிதழோடுதான் வர வேண்டும். கட்டுநாயக்காவிலே இதற்கென்றே விவசாயத் திணைக்களத்தின் பிரிவு இயங்குகிறது. கல்லடி அம்மாவின் கைக்கு வந்துவிட்ட விதையும் இந்த முறைப்படி வந்திருக்க வேண்டியதே. இனிமேல் அனுப்ப வேண்டாம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள்.

உலகத்துக் கிவிச் செய்கையே பயணப்பெட்டியிலே தொடங்கியது என்று வாதாடுவோருண்டு. அது மெய்தான். 1904இலே இசபெல் பிரேசர் என்ற பாடசாலை அதிபர் சீனாவின் யீச்சாங் பகுதியிலிருந்து நியூசிலாந்துக்கு விதைகளைக் கொண்டுசென்றார். 1910இலே அங்கே முதற்பழம் கிடைத்தது. சீனத்து நெல்லி என்று அழைக்கப்பட்டுவந்த பழத்துக்கு 1959இலே, ஏற்றுமதிக்காக, அந்நாட்டுப் பறவையின் பெயரையே சூட்டினார்கள். ஆனால் 2010இலே அதே நாட்டிலே பி.எஸ்.ஏ. என்ற பற்றீரியா நோய் தோன்றி, தண்டிலிருந்து செந்நீர் வடியத் தோட்டம் தோட்டமாகக் கொடிகளை வெட்டி எரிக்க நேர்ந்தது. கிவி இல்லாத நமக்கு அந்த நோயால் தீங்கில்லை என்றாலும், கன்றின் வேர்மண்ணிலே வேறென்ன வருகிறது என்பதை மருமகனும் அறியார், நானும் அறியேன். நமது வயலையும் தென்னையையும் நினைத்தாவது அவர் சொக்கலேற்றோடு வரட்டும்.

கேள்வி: எருமைத் தயிரிலே கிவித் துண்டுகளைப் போட்டு வைத்தேன். ஒரு மணித்தியாலத்திலே கசந்துவிட்டது. பழம் பழுதா, தயிர் பழுதா?
வாழைச்சேனை வாசகி

பதில்: இரண்டும் பழுதில்லை. பச்சைக் கிவியிலே அக்டினிடின் என்ற நொதியம் இருக்கிறது. பப்பாசிப் பால் இறைச்சியை மெதுவாக்குவதைப் போன்று, இது பாலின் புரதத்தைத் துண்டாடுகிறது. அந்தத் துண்டுகளின் சுவையே கசப்பு. சிலருக்கு இந்தப் பழம் நாவிலே கடிப்பதும் ஓரளவு இதனாலேதான். கடித்து, உதடும் வீங்கினால் அவர் மேற்கொண்டு உண்ணாதிருக்க வேண்டும். தயிரோடு உண்ண விரும்பினால் பரிமாறும் வேளையிலே வெட்டிப் போட்டு உடனே உண்ணுங்கள். முன்கூட்டியே கலந்து வைப்பதாயின், துண்டுகளைச் சீனியோடு அடுப்பிலே ஒரு கொதி விட்டு, நன்றாக ஆறிய பின் சேர்த்தால் கசக்காது. சூட்டிலே அந்த நொதியம் செயலிழந்துவிடும்.